நடு சீட் காலியா இருந்தா அது யாரோட அதிர்ஷ்டம்?

விமானப் பயணத்துல ஒரு சின்ன நிமிஷம் உண்டு. அடிக்கடி போறவங்களுக்குத் தெரியும். நீங்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாச்சு. நடைவழி ஓரத்துல இன்னொருத்தர். நடுவுல சீட் காலி. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம, பை தூக்கிட்டு உள்ளே வர்ற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. இவரா? இல்லை, தாண்டிப் போயிட்டார். அந்தம்மாவா? இல்லை. கடைசியில கதவு சாத்துற சத்தம். அந்த நொடியில ரெண்டு பேர் முகத்துலயும் ஒரே சிரிப்பு. நடு சீட்டுல ஒருத்தர் புத்தகத்தை வைக்கிறார், இன்னொருத்தர் ஸ்வெட்டரை வைக்கிறார். "இன்னிக்கு நமக்கு நேரம் நல்லா இருக்கு."

பல தடவை அது நேரம்தான். சில தடவை இல்லை. அந்த நடைவழிக்காரர் பையில தங்க நிறத்துல ஒரு அட்டை தொங்குதான்னு பாருங்க. தொங்கினா, அந்தக் காலி சீட்டை ஒரு கம்ப்யூட்டர் அவருக்காகவே ஒதுக்கி வச்சிருக்க வாய்ப்பு இருக்கு. உங்களுக்குக் கிடைச்சது அவரோட அதிர்ஷ்டத்துல பாதி.

இந்தக் காலி சீட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. கொஞ்ச நாளா அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு காலத்துல விமானத்துல பாதி சீட் காலியாத்தான் பறந்தது. அப்புறம் அந்தக் காலியை எல்லார்கிட்டயிருந்தும் எடுத்தாங்க. பிறகு சில பேருக்கு மட்டும் பரிசாத் திருப்பிக் கொடுத்தாங்க. கடைசியில விலை போட்டு விற்க ஆரம்பிச்சாங்க. இந்த நாலு கட்டத்தையும் வரிசையாப் பார்க்கலாம்.

இரண்டு ஸ்மித்துகள்

1953-ம் வருஷம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போகும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம். ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த பிளேர் ஸ்மித் என்பவர் அதில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரரோடு பேச்சுக் கொடுத்தால், அவர் பெயரும் ஸ்மித். அதுவும் சாதாரண ஸ்மித் இல்லை, அந்த விமானக் கம்பெனியின் தலைவர் சி.ஆர். ஸ்மித்தேதான். பெயர்ப் பொருத்தத்தில் தொடங்கிய பேச்சு, டிக்கெட் பதிவு செய்வதில் உள்ள தலைவலிக்குப் போனது.

தலைவலி சாதாரணமானது இல்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அட்டை. அந்த அட்டைகளை ஒரு சுழலும் பெட்டியில் அடுக்கி, அதைச் சுற்றி ஊழியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போன் வந்தால் அட்டையைத் தேடி எடுத்து, சீட் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு குறி போட்டுத் திரும்ப வைக்கணும். பெட்டியைச் சுற்றி 8 பேருக்கு மேல் உட்கார முடியாது. ஒரு பதிவு முழுசாக முடிய சராசரியாக 90 நிமிஷம் ஆனதாம்.

அந்தப் பேச்சின் விளைவுதான் சேபர் என்ற கணினி அமைப்பு. 1960-ல் சோதனையாகத் தொடங்கி, 1964-க்குள் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பதிவு வேலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. நியூயார்க் பக்கத்தில் பிரையர்கிளிஃப் மேனர் என்ற ஊரில் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகள் இரவு பகலாக ஓடின.

அன்னிக்கு அந்தப் பக்கத்து சீட் காலியா இருந்திருந்தா, அந்தப் பேச்சே நடந்திருக்காது. ஆனா அங்கே பிறந்த யோசனைதான் பின்னாடி பக்கத்து சீட்டைக் காலியா வைக்கவும் உதவியது. இதுல இருக்கிற வேடிக்கையை நான் ரொம்ப ரசிச்சேன்.

சி.ஆர். ஸ்மித்துக்கு இந்தக் கதையில் இன்னொரு வேஷமும் இருக்கு. 1955-ல் அவர் ஜெட் விமானம் வாங்கப் போனார். போயிங்கின் 707, டக்ளஸின் டிசி-8 என்று இரண்டு போட்டி. ஒரு வரிசைக்கு 6 பேரை உட்கார வைக்க டிசி-8-ல் இடம் தாராளமாக இருந்தது. போயிங் கொஞ்சம் ஒடுக்கம். ஸ்மித் போயிங்கை அகலப்படுத்தச் சொன்னார். போயிங்கும் இறங்கி வந்து, விமான உடலின் அகலத்தை 148 அங்குலமாக்கியது, டிசி-8-ஐவிட ஒரே ஒரு அங்குலம் கூட. அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்கன் 30 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பிறகு வந்த 727, 737 இரண்டுக்கும் போயிங் அதே அகலத்தை வைத்துக்கொண்டது. இன்றைக்கும் 737-ல் நடைவழிக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3 என்று உட்காருகிறோமே, அந்த நடு சீட்டின் பூர்வீகம் இந்த 148 அங்குலத்தில்தான் இருக்கு.

பாதி காலியாகப் பறந்த காலம்

அப்போது அமெரிக்காவில் விமான டிக்கெட் விலையைக் கம்பெனிகள் முடிவு செய்யவில்லை. 1938-ல் தொடங்கிய சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு அமைப்பு முடிவு செய்தது. யார் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு வாங்கலாம், எல்லாம் அவர்கள் கையில். 40 வருஷத்தில் ஒரு புதிய பெரிய கம்பெனியைக்கூட அவர்கள் உள்ளே விடவில்லை.

விலையில் போட்டி போட முடியாதென்றால் எதில் போட்டி? சாப்பாட்டில், சௌகரியத்தில், ஒரு நாளைக்கு எத்தனை விமானம் விடுகிறோம் என்பதில். எல்லோரும் நிறைய விமானம் விட்டார்கள், எல்லா விமானமும் காலியாகப் பறந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 747-களில் சீட்டைக் கழற்றிவிட்டு, சாதாரண வகுப்புக்காரர்களுக்கே ஒரு கூடம் அமைத்து, அதில் எலெக்ட்ரிக் பியானோவும் வைத்தது. நம்ப முடியலை இல்லையா? நடு சீட்டுக்குச் சண்டை போடுற நமக்கு அது தேவலோகம் மாதிரி இருக்கு.

இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது ஒரு எண். 1970-களின் முதல் பாதியில் அந்த போர்டு, நியாயமான கட்டணம் எது என்று ஒரு பெரிய விசாரணை நடத்தியது. கணக்குப் போடும்போது விமானத்தில் எவ்வளவு சீட் நிறையும் என்று ஒரு அளவு வேண்டுமே? அவர்கள் எடுத்துக்கொண்டது 55 சதவீதம். அதாவது 100 சீட்டில் 45 காலியாகப் போகும் என்று வைத்துத்தான் டிக்கெட் விலையே நிர்ணயமானது. உங்க பக்கத்து சீட் காலியா இருந்தா அதிர்ஷ்டம் இல்லை. அதுக்கான காசை நீங்க டிக்கெட்லயே கொடுத்தாச்சு.

சீட் ஒதுக்கும் முறையும் எளிமையாக இருந்தது. விமான நிலையத்தில் கவுன்ட்டரில் ஒரு அட்டையில் விமானத்தின் சீட் படம் இருக்கும். ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு ஒட்டுச் சீட்டு. நீங்க வந்து நின்னா, ஊழியர் அதுல ஒண்ணை உரிச்சு உங்க போர்டிங் அட்டையில ஒட்டுவார். நடுவில் உள்ளதை யார் கேட்பார்கள்? ஜன்னல், நடைவழி எல்லாம் முதலில் உரிந்துபோகும். பாதி விமானம் காலி என்பதால் நடு சீட்டுக்கு வேலையே வராத நாட்கள் உண்டு.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்தத் தேவலோகத்துக்கு டிக்கெட் வாங்க எல்லோராலும் முடியாது. சௌகரியம் இருந்தது, ஆனால் உள்ளே ஏற முடிந்தவர்களுக்கு மட்டும்.

கம்ப்யூட்டர் காலியை எடுத்துக்கொண்டது

1977-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சூப்பர் சேவர் என்று மலிவு டிக்கெட் கொண்டுவந்தது. எப்படியும் காலியாகப் போகிற சீட்தானே, முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்குக் குறைத்துக் கொடுப்போம் என்ற கணக்கு. அடுத்த வருஷம், 1978 அக்டோபர் 24-ல், ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் விமானத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். விலை இனி கம்பெனிகளின் இஷ்டம்.

இங்கேதான் சேபர் உண்மையான வேலையைத் தொடங்கியது. எந்த விமானத்தில், எத்தனை நாள் முன்னால், எத்தனை சீட் விற்றது என்ற கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. அதை வைத்து எந்த சீட்டை மலிவாகத் தள்ளலாம், எதைக் கடைசி நேரத்தில் ஓடிவரும் வியாபாரிக்காகப் பிடித்து வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1985 ஜனவரியில் இந்த முறையை முழு வீச்சில் இறக்கினார்கள். மலிவு டிக்கெட்டுக்குப் பெயர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸ் கம்பெனி அந்த அடியிலிருந்து எழவில்லை. 1987-ல் அது இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துபோனது.

விலை இறங்கியது, கூட்டம் ஏறியது, காலி குறைந்தது. பியானோவெல்லாம் அதற்கு முன்பே போய்விட்டது.

அதே கணினி இன்னொரு வேலையும் செய்தது. 1981 மே 1-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஆட்வான்டேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பறக்கும் மைலைக் கணக்கு வைத்து, அதற்குப் பரிசு தரும் திட்டம். யுனைடெட் சில நாட்களுக்குள்ளேயே தன் திட்டத்தோடு வந்து நின்றது. முதல் உறுப்பினர்களை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? சேபரில் இருந்த பதிவுகளில் ஒரே போன் நம்பர் திரும்பத் திரும்ப எங்கே வருகிறது என்று தேடினார்கள். அதுவரை கம்பெனிக்கு நீங்க ஒரு டிக்கெட். அன்றிலிருந்து நீங்க யார், வருஷத்துக்கு எத்தனை தடவை வர்றீங்க, எவ்வளவு கொடுக்கிறீங்க என்பது அதற்குத் தெரியும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒரு பக்கம் காலி சீட் அரிதாகிக்கொண்டே போகிறது. இன்னொரு பக்கம் யாரைக் குளிர்விக்க வேண்டும் என்று கம்பெனிக்குப் பெயரோடு தெரிகிறது. அரிதான பொருள்தானே நல்ல பரிசு!

திரைக்குப் பின்னால் நடப்பது

அடிக்கடி பறப்பவர்கள் இதை ஷேடோ பிளாக் என்பார்கள். நிழல் பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கோல்டு, பிளாட்டினம் போன்ற மேல்தட்டு அட்டைக்காரர் ஒரு ஜன்னல் சீட்டை எடுத்தால், அதை ஒட்டிய நடு சீட்டைக் கணினி பூட்டிவிடும். மற்றவர்கள் சீட் படத்தைப் பார்த்தால் அது ஆள் எடுத்த சீட் போலவே தெரியும். உண்மையில் அதை யாரும் வாங்கவில்லை.

கம்பெனிக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. டிக்கெட் விற்பனை அது பாட்டுக்கு நடக்கும். விமானம் நிறைய நிறைய, கணினி பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்கும். கீழ்த்தட்டு அட்டைக்காரரின் பூட்டு முதலில், உச்சத்தில் உள்ளவரின் பூட்டு கடைசியில். முழு விமானமென்றால் எல்லாப் பூட்டும் திறந்துவிடும். அதனால்தான் இதை யாரும் உறுதியாக வாக்குக் கொடுப்பதில்லை.

செலவு இல்லைன்னா நஷ்டமும் இல்லையா? அங்கேதான் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

ஒரு ஏ320 விமானம். 30 வரிசை, 180 சீட். அதில் நடு சீட் 60. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி 2024-ல் உலக விமானங்களில் சராசரியாக 83.5 சதவீத சீட் நிறைந்தது. நம் விமானத்தில் அது ஏறக்குறைய 150 பேர். காலி 30. இந்த 30-ம் நடு சீட்டாகவே அமைந்தால், 60 பேர் கை நீட்டி உட்காரலாம். மீதி 90 பேர் மும்மூன்றாக நெருக்கி உட்காரணும்.

விமானத்தில் எத்தனை காலி என்பதைப் பூட்டு மாற்றாது. அது எங்கே விழும் என்பதை மட்டும்தான் மாற்றும். ஒருத்தர் பக்கத்தில் காலியை நகர்த்தி வைத்தால், வேறு எங்கோ ஒரு நடு சீட் நிறையும். அந்த நடு சீட்டில் உட்காருபவர் வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கும் யாரோ ஒருவர். கைக்குழந்தையோடு வந்து, படத்தில் சேர்ந்தாற்போல இரண்டு சீட் இல்லையே என்று பதறிக் காசு கட்டிய அம்மாவாகவும் இருக்கலாம். அடைத்துக் காட்டும் சீட் எல்லாம் விற்ற சீட் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இந்தப் பதற்றத்துக்கும் சந்தை உண்டு. 2024 நவம்பரில் வந்த அமெரிக்க செனட் துணைக்குழு அறிக்கை, 2018 முதல் 2023 வரை ஐந்து கம்பெனிகள் சீட் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வாங்கியிருப்பதாகச் சொல்கிறது.

ஐரோப்பாவில் இதையே ஒரு வகுப்பாக்கிவிட்டார்கள். குறுந்தூர விமானங்களில் அங்கே பிசினஸ் கிளாஸ் என்றால் பெரும்பாலும் அதே சீட்தான். நடு சீட்டில் ஆள் இருக்க மாட்டார், சாப்பாடு நன்றாக இருக்கும், முன்னால் ஒரு திரைச்சீலை. முன்பெல்லாம் கைப்பிடியை நகர்த்தி மூன்று சீட்டை இரண்டு அகல சீட்டாக்கும் பொறி சில கம்பெனிகளில் இருந்தது. பிறகு, எதற்கு அந்தப் பொறியும் பாரமும், நடுவில் ஆளை உட்கார வைக்காமல் விட்டாலே போதுமே என்று வந்துவிட்டார்கள். டிக்கெட் எவ்வளவு விற்றதோ அதற்கேற்பத் திரைச்சீலை முன்னும் பின்னும் நகரும்.

ஒரு வருஷம் எல்லோருக்கும்

2020-ல் கொரோனா வந்தது. கொஞ்ச நாள் நடு சீட் எல்லோருக்கும் காலியானது. அமெரிக்காவில் டெல்டா கம்பெனி 2021 ஏப்ரல் முடியும்வரை நடு சீட்டைப் பூட்டி வைத்திருந்தது. அவ்வளவு நாள் தாக்குப்பிடித்த பெரிய அமெரிக்கக் கம்பெனி அது ஒன்றுதான்.

நம்ம நாட்டில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டிலிருந்து ஆட்களை அழைத்து வரும் ஏர் இந்தியா விமானங்களில் நடு சீட்டை நிரப்பலாமா என்று ஒரு விமானி வழக்குப் போட்டிருந்தார். 2020 மே 25, ரம்ஜான் விடுமுறை நாளில் உச்ச நீதிமன்றம் அதை விசாரித்து, ஜூன் 6 வரைக்கும் நிரப்பிக்கொள்ள அனுமதித்தது. ஜூன் 1-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், முடிந்தவரை நடு சீட்டைக் காலியாக விடுங்கள், முடியாவிட்டால் அதில் உட்காருபவருக்கு உடம்பைச் சுற்றிப் போடும் கவுன் கொடுங்கள் என்றது. ஜூன் 15-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் நடு சீட்டை நிரப்பத் தடையில்லை என்று முடித்து வைத்தது.

அடுத்த மாசமே இண்டிகோ ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரே ஆள் இரண்டு சீட் வாங்கிக்கொள்ளலாம், இரண்டாவதுக்கு டிக்கெட் விலையில் கால்வாசி. நீதிமன்றத்தில் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய கேள்வியாக இருந்தது, சில வாரத்தில் விலைப்பட்டியலுக்கு வந்துவிட்டது. 2021-ல் எமிரேட்ஸும் பக்கத்து காலி சீட்டைத் தனியாக விற்க ஆரம்பித்தது. 2024-ல் அமெரிக்காவின் ஃபிரான்டியர், முதல் இரண்டு வரிசையில் நடு சீட் நிச்சயம் காலி என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றது. பரிசு, சரக்காகிவிட்டது.

காலி சீட் தேவைப்படுகிறவர்கள்

இவ்வளவு நேரம் சௌகரியத்தைப் பற்றியே பேசிட்டோம். பக்கத்து சீட் ஆடம்பரமா இல்லாம தேவையா இருக்கிறவங்களும் உண்டு. உதவியாளர் இல்லாமல் பயணம் செய்ய முடியாத மாற்றுத்திறனாளிகள். உடல் பருமனே ஊனமாகி, ஒரு சீட்டில் உட்கார முடியாதவர்கள். இவர்கள் இரண்டு டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

கனடாவில் இதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2008 ஜனவரியில் கனடா போக்குவரத்து முகமை, உள்நாட்டுப் பயணத்தில் ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. ஊனம் காரணமாக இரண்டாவது சீட் தேவையென்றால் அதற்குக் காசு வாங்கக்கூடாது. ஏர் கனடாவும் வெஸ்ட்ஜெட்டும் மேல்முறையீட்டுக்குப் போயின. அதே வருஷம் நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டது.

இதற்கு என்ன செலவாகும் என்று முகமையே கணக்குப் போட்டிருந்தது. ஏர் கனடாவுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 77 சென்ட். வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட்.

இந்த எண்களைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அந்தப் பழைய 55 சதவீதம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் காலி சீட்டின் செலவை எல்லா டிக்கெட்டிலும் பரப்பித்தான் வைத்தார்கள். ஆனால் அந்தக் காலி யாருக்குப் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை, அது பாட்டுக்கு யார் பக்கத்திலோ விழுந்தது. கனடாவில் அதே பரப்பல், ஒரு டிக்கெட்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே. ஆனால் காலி, தேவைப்பட்டவர் பக்கத்தில் வந்து விழுகிறது. கோல்டு அட்டைக்காரருக்காக சீட்டைப் பூட்டத் தெரிந்த கணினிக்கு, இதையும் செய்யத் தெரியும். சொல்லிக் கொடுக்க அங்கே ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை கதவு சாத்தி, நடு சீட் காலியா இருந்தா, தாராளமா ஸ்வெட்டரை வைங்க. நானும் வைப்பேன். அப்படியே ஒரு தடவை எழுந்து பின் வரிசைகளைத் திரும்பிப் பாருங்க. உங்க சீட் எண்ணிக்கையைச் சமன் செய்ய மூணு மூணா உட்கார்ந்திருக்கிறவங்க அங்கேதான் இருப்பாங்க.